பேச்சிழப்புக்கு எத்தனை விழுக்காடு?

பேச்சை இழந்த ஒருவருக்கு அரசின் உதவித்தொகையோ சலுகையோ கிடைக்க வேண்டுமானால், இழந்தது எவ்வளவு என்று முதலில் ஓர் எண் வந்தாக வேண்டும். 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மொத்தம் 21 குறைபாடுகளை ஏற்கிறது. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு அவற்றில் தனி வகை. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை 7 வகைகள்தான். செவித்திறன் குறைபாடு அதில் உண்டு, பேச்சு தனி வகையாக இல்லை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பேச்சைத் தனியாகவே எண்ணியது. தமிழ்நாட்டின் 11,79,963 மாற்றுத்திறனாளிகளில் 80,077 பேர் அந்தக் கட்டத்தில் வந்தார்கள். காது நன்றாகக் கேட்டு, பேச்சு மட்டும் போனவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்ற குழப்பம் புதிய சட்டத்தால் ஓரளவுதான் தீர்ந்திருக்கிறது.

சட்டத்தின் வரையறை குரல்வளை அகற்றலையும், அஃபேசியா எனும் மொழியிழப்பையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. உடலுறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணத்தால் வந்த, நிரந்தரமான பாதிப்பு என்பது நிபந்தனை. திக்குவாய் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

மதுரை கோச்சடையில் ஒரு வீட்டில் ‘பேச்சு போயிருச்சு’ என்று சொன்னால், அது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நிலைகளில் எதுவாகவும் இருக்கலாம். முதலாவது, தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்ட நிலை. மூச்சு இனி கழுத்தின் அடியில் போட்ட துளை வழியாகத்தான் போய்வரும். குரல் எழுப்பக் காற்று வாய்க்கு வராது. நாக்கு, உதடு, மூளை எல்லாம் பழையபடியே இருப்பதால் எழுதிக் காட்ட முடியும். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே சிறிய வால்வு பொருத்தினால் ஓரளவு பேசவும் முடியும். பெங்களூரு அறுவை மருத்துவர் விஷால் ராவ் உருவாக்கிய அத்தகைய வால்வு, 50 ரூபாய் விலையால் பேசப்பட்டது.

இரண்டாவது நிலையில் சொல் மனத்தில் தெளிவாக இருக்கும். நாக்கையும் உதட்டையும் இயக்கும் தசைகள் சரிவர இயங்காமல் பேச்சு குளறும். பக்கவாதத்திலும் பார்க்கின்சன் நோயிலும் இதைப் பார்க்கலாம்.

மூன்றாவதான அஃபேசியாவில் அடிபட்டது மொழியே. பெரும்பாலோருக்கு மொழியின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கம். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா ஒரே ஓர் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்ன நோயாளியின் மூளையில், இடது முன்பகுதிச் சிதைவைக் கண்டார். அந்த வகையினருக்கு நாலு சொல் சேர்ந்து வருவதே பெரும்பாடு; கேட்பது பெரிதும் புரியும். 1874இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த வகை நேர் எதிர். பேச்சு சரளமாக ஓடும், பொருள் இருக்காது. மற்றவர் சொல்வதும் சரியாகப் புரியாது. வீட்டில் ‘புத்தி பேதலிச்சிருச்சு’ என்று முடிவு கட்டிவிடுவது இவர்களைப் பற்றித்தான். அந்த முடிவோடு மனநலப் பிரிவு வரிசையில் நின்றால், செய்யும் சோதனையே வேறாகிவிடும்.

கோச்சடை வைகையின் தென்கரையில் இருக்கிறது. மாற்றுத்திறன் சான்றுக்குரிய அலுவல்களோ பெரும்பாலும் வடகரையில். மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில், தானாகவோ இ-சேவை மையம் வழியாகவோ, ஆதார் எண்ணுடன் விண்ணப்பிக்க வேண்டும். சோதனை பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில். காது மூக்கு தொண்டை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்ப்பார்கள். பக்கவாதமானால் நரம்பியல் மருத்துவரும் வேண்டும். பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில்தான் பேச்சு வேகமாகத் திரும்பும் என்பதால், நிரந்தரம் என்று எழுத அந்தக் காலம் கழிய வேண்டும். அவசரப்பட்டுப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பேச்சுத் தெளிவை அளக்க, மும்பையிலுள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 2003இல் வகுத்த அளவுகோல் பயன்படுகிறது. அது 0 முதல் 6 வரை போகும். இயல்பான பேச்சு 0. பேச்சில் ஏதோ மாற்றம் தெரிந்தாலும் சிரமமின்றிப் புரிந்தால் 1. கவனித்துக் கேட்டு, இரண்டு மூன்று முறை திரும்பச் சொல்லவைத்துப் புரிந்துகொண்டால் 3. வீட்டார் சிரமப்பட்டுப் புரிந்துகொள்கிறார்கள், வெளியாருக்குப் புரியவில்லை என்றால் 4. என்ன பேச்சென்று முன்பே தெரிந்திருந்தும் ஒன்றும் விளங்காவிட்டால் 6. ஆக, அளவுகோல் நிற்பது கேட்பவரின் காதில். கூட வந்த மனைவி ‘தண்ணி கேக்குறாரு’ என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், 4ஆக வேண்டியது 3ஆகிவிடக்கூடும். குரலின் தரத்தைத் தனியாக அளந்து இதோடு சேர்ப்பார்கள்.

அஃபேசியாவை அளக்க ஆண்ட்ரூ கெர்டெஸ் உருவாக்கிய வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி என்னும் சோதனைத் தொகுப்பு. தானாகப் பேசுவதற்கு 20, கேட்டுப் புரிந்துகொள்ள 10, திரும்பச் சொல்ல 10, சீப்பு, பூட்டு போன்றவற்றைக் காட்டினால் பெயர் சொல்ல 10. கூட்டி இரட்டிப்பாக்கினால் 100க்கு ஒரு மதிப்பெண். 93.8க்குக் கீழே போனால் அஃபேசியா. 25க்குள் இருந்தால் மிகக் கடுமை. மதிப்பெண் குறையக் குறையக் குறைபாட்டு விழுக்காடு ஏறும். எழுத்தும் வாசிப்பும் இந்த மதிப்பெண்ணில் சேராததால், படிக்காதவருக்கு அந்த வகையில் நட்டமில்லை. மொழியில் நட்டம் வரலாம். மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரமும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிறவர்கள் ஏராளம். இருமொழிக்காரரின் மூளையில் இரண்டு மொழியும் ஒரே அளவில் பாதிக்கப்படும் என்று சொல்ல முடியாது. எந்த மொழியில் சோதித்தார்கள் என்பது அறிக்கையில் இருப்பது நல்லது.

பக்கவாதத்தில் பெரும்பாலும் பேச்சோடு வலது கையும் காலும் சேர்ந்து போகும். இரண்டையும் ஆள்வது மூளையின் இடப்பக்கம்தான். அப்போது இரண்டு விழுக்காட்டையும் அப்படியே கூட்டுவதில்லை. பெரிய எண்ணை 90லிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு கூட்டுவார்கள். கை கால் பாதிப்பு 60, மொழி 45 என்றால் கிடைப்பது 105 அல்ல, 75. இந்தக் கணக்கு தெரியாமல் பேச்சைச் சோதிக்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் இழப்பது கொஞ்சமல்ல. 60 மட்டும் இருந்தால் தமிழ்நாட்டில் கடும் பாதிப்புக்குரிய மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கிடைக்காது; அதற்கு 75 வேண்டும். 40 விழுக்காடு இருந்தால் வருவாய்த் துறையின் ஓய்வூதியம் கேட்கலாம். அது 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500ஆக உயர்ந்தது. பராமரிப்புத் தொகைக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், ஓய்வூதியத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று இரண்டுக்கும் வாசல் வேறு.

சான்று கைக்கு வந்தபின்தான் அடுத்த சிக்கல். ஒவ்வொரு துறையும் தன் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. உரிமைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. பார்வை, செவி, கை கால், அறிவுசார் மற்றும் மனநலம், இவற்றில் பல சேர்ந்த குறைபாடுகள் என்று அது அடுக்கும் வகைகளில் பேச்சு மட்டும் போனவருக்கு இடமில்லை. அதே சட்டம் 32ஆம் பிரிவில் உயர்கல்விக்கு 5 விழுக்காடு ஒதுக்கும்போது எந்த வகையையும் விலக்கவில்லை. ரயில் கட்டணச் சலுகையோ, பேச்சிழந்தோரில், செவியும் பேச்சும் ஒருசேர முற்றிலும் இழந்தவருக்கு மட்டும். காது கேட்கும் அஃபேசியாக்காரர் முழுக் கட்டணம் கட்டித்தான் மதுரை ஜங்ஷனில் ஏற வேண்டும். 2026 மார்ச் வரை நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவின் நோய்ப் பட்டியலில் மட்டும் அஃபேசியா பெயரோடு இருந்தது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் சிகிச்சைச் செலவுக்கு விலக்கு கிடைத்தது. வரி கட்டுமளவு வருமானம் உள்ளவருக்குத்தான் அது பயன்பட்டது.

எண்ணை மட்டும் பார்ப்பதன் அபத்தம் 2024இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அண்ணப் பிளவுக்கு அறுவை செய்துகொண்ட மகாராஷ்டிர மாணவர் ஒருவருக்குப் பேச்சுக் குறைபாடு 40 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்க 40 வேண்டும். அந்த 40ஐயே காட்டி மருத்துவம் படிக்கத் தகுதியில்லை என்றார்கள். விழுக்காடு மட்டுமே ஒருவரை விலக்கப் போதாது, படிப்பை அவரால் முடிக்க இயலுமா என்று மதிப்பிடும் வாரியம் பார்க்க வேண்டும் என்று நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இதற்கு மாறாக, அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு விதிகள் பேச்சிழப்புக்கு விழுக்காடே கேட்பதில்லை. எந்தக் கருவியின் துணையோடும் பிறர் கேட்டு, புரிந்துகொள்ளும்படி, தொடர்ந்து பேச முடியாவிட்டால் தகுதி உண்டு. பக்கவாத அஃபேசியா என்றால் பேச்சு பயன்படாத நிலை மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும்.

நம் ஊரில், சான்று தரும் மருத்துவ வாரியம் தந்த விழுக்காடு குறைவு என்று கருதினால் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். பணம் வங்கிக் கணக்கில் வந்தபின் இன்னொரு தடை உண்டு: வலது கை போனவருக்குப் பழைய கையெழுத்து வராது, ‘நான்தான்’ என்று சொல்லப் பேச்சும் வராது. வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வைக்கும் விரல்ரேகையை ஏற்றுப் பணம் தர ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது.