சிறுநீர்ப்பை மூளையின் சொல் கேட்காதபோது

ஜார்ஜ்டவுனில் என்னிடம் வரும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயாளிகள் கால் மரத்துப்போவதைச் சொல்வார்கள், கண் மங்குவதைச் சொல்வார்கள். எல்லாம் முடிந்து கதவருகே போன பிறகுதான், "டாக்டர், கழிவறைக்குப் போவதற்குள் நனைந்துவிடுகிறது" என்பார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பதில் வரும். பெரும்பாலும் இளம்பெண்கள். பினாங்கு வீதிக்குச் சாமான் வாங்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்திருப்பார்கள்.

உத்தரவு நடுவழியில் நிற்கிறது

மூளைத்தண்டில் சிறுநீர் கழிப்பதை இயக்கும் மையம் ஒன்று உண்டு என்பதைப் பாரிங்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1925இல் பூனைகளை வைத்துக் காட்டினார். அதற்கும் மேலிருந்து முன்மூளை, இடமும் நேரமும் பார்த்து அடக்கி வைக்கிறது. இந்த உத்தரவெல்லாம் தண்டுவடம் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

எம்.எஸ். நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கிறது. தண்டுவடத்தில் அது நடந்தால் சிறுநீர்ப்பை பாதி நிறையும் முன்பே தானாகச் சுருங்கும். சுருங்கும் அதே நேரத்தில் பையின் வாய்த்தசை திறக்காமல் இறுகுவதும் உண்டு. அப்போது போய்விட்டு வந்த பிறகும் உள்ளே மிச்சம் தேங்கும். கால்களுக்கான நரம்புப் பாதையும் அதே தண்டுவடத்தில் இறங்குவதால், கால் தளர்ச்சியும் இந்தத் தொல்லையும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

"உடம்புச் சூடுதான்" என்பவர்களுக்கு

எம்.எஸ். இங்கே அரிது, ஐரோப்பாவில்போல் பரவலாக இல்லை. அதனால் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்" என்கிறார் மாமியார். "இனிப்பு நீராக (நீரிழிவாக) இருக்கும்" என்கிறார் அண்டை வீட்டு அக்கா. இனிப்பு நீர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், தவறில்லை. அது இல்லை என்று தெரிந்த பிறகும் வீட்டிலேயே இருப்பதுதான் தவறு.

சூடு தணியட்டும் என்று பார்லித் தண்ணீர் குடிக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் வாங்கிக் கஷாயம் வைக்கிறார்கள். மிசாய் கூச்சிங் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்களும் உண்டு. இவை சிறுநீரைப் பெருக்குபவை. காலியாக மறுக்கும் பையில் இன்னும் சிறுநீரைச் சேர்த்தால் என்ன ஆகும்? அறுந்த நரம்புறையை எந்தக் கஷாயமும் ஒட்ட வைக்காது.

இதற்கு நேரெதிராகத் தண்ணீரையே நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர் முந்தின இரவிலிருந்தே தொண்டையை நனைப்பதில்லை. சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும், கிருமி வளரும், மலச்சிக்கல் வந்து பையை அழுத்தும். வெயிலில் உடல் சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும் என்பதும் 1890 முதலே தெரிந்த விஷயம். அந்த வெயிலில் தண்ணீரும் இல்லாமல் நிற்பது எவ்வளவு ஆபத்து!

எனக்குப் பொறுமை போவது மிச்ச மாத்திரைகளைப் பார்க்கும்போதுதான். யாருக்கோ எப்போதோ கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் நான்கை விழுங்கிவிட்டு வருகிறார்கள். கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அவசரத்தை அடக்கும் மாத்திரையைத் தெரிந்தவரிடம் வாங்கிப் போடுவது இன்னும் மோசம். உள்ளே தேக்கம் இருப்பவருக்கு அது சிறுநீரையே அடைத்துவிடலாம். சிறுநீர்க் கிருமியால் காய்ச்சல் வந்து கால் திடீரெனத் தளர்ந்தால், எம்.எஸ். முற்றிவிட்டது என்று குடும்பமே கலங்குகிறது. பல நேரம் கிருமியைக் குணப்படுத்தினால் கால் பழைய நிலைக்குத் திரும்பும். எரிச்சலே இல்லாமலும் இந்தக் கிருமி வரும்.

வழி இருக்கிறது

சிறுநீர்ப் பரிசோதனை, கழித்த பின் மிச்சத்தை அளக்கும் ஸ்கேன், தேவைப்பட்டால் பையின் அழுத்தச் சோதனை. மிச்சம் 100 மில்லி லிட்டரைத் தாண்டினால், நோயாளியே மெல்லிய குழாயைச் செருகி வடித்துவிட்டு எடுத்துவிடும் முறையைக் கற்றுக்கொடுப்போம். குழாய் என்றாலே ஆயுள் முழுக்கச் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடுவது என்று பயப்படுகிறார்கள். அப்படியல்ல. 1972இல் லாப்பிடெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய இந்த முறை எத்தனையோ பேரின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அடக்கும் மாத்திரை, இடுப்புத்தசைப் பயிற்சி, பைக்குள் போடும் போட்டாக்ஸ் ஊசி ஆகியவையும் உண்டு. யாருக்கு எது என்பதை மிச்சத்தை அளந்த பிறகே சொல்ல முடியும்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்

தண்ணீரை நாளெல்லாம் சிறுகச் சிறுகக் குடியுங்கள். கோப்பியையும் தே தாரிக்கையும் குறையுங்கள், அவை அவசரத்தைத் தூண்டும். கணவன்மார்களே, அம்மாக்களே, வீட்டில் ஒருத்தி அடிக்கடி கழிவறைக்கு எழுந்தால் கேலி செய்யாதீர்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள். எம்.எஸ். இருப்பவர்களே, அடுத்த முறை டாக்டர் முன் உட்கார்ந்ததும் இதைத்தான் முதலில் சொல்லுங்கள். காய்ச்சலோ, சிறுநீர் வராமல் அடிவயிறு வீங்குவதோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.