பகுத்தலும் இணைத்தலும்: மென்பொருள் அமைப்பில் நுண்சேவைகள்

பெருந்தொழில் எதுவாயினும் அதனைப் பல கூறுகளாகப் பகுத்துச் செய்தல் மாந்தர்க்கு இயல்பு. ஆயினும், பகுத்தல் எளிது. பகுத்தவற்றை மீள இணைத்துப் பயன் விளைவித்தலே அரிது. கணினி மென்பொருள் அமைப்போரிடை இன்று பெரிதும் பேசப்படும் நுண்சேவை முறைக்கு இவ்வுண்மை முற்றும் பொருந்தும். அம்முறை யாது, அதனால் வரும் நன்மை தீமைகள் யாவை, அஃது எவர்க்கு ஏற்றது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஒரு மென்பொருளின் எல்லாக் கருமங்களும் ஒரே நிரலாய், ஒரே தரவுத்தளத்தைப் பற்றி இயங்குமாயின் அதனை ஒருங்கமைப்பு எனலாம். அக்கருமங்கள் ஒவ்வொன்றும் தனி நிரலாய், தனக்கெனத் தரவுத்தளம் உடையதாய், வலையமைப்பின் வழியே ஏனையவற்றோடு செய்தி பரிமாறி இயங்குமாயின் அது நுண்சேவை அமைப்பாகும். ஜேம்ஸ் லூயிஸ், மார்ட்டின் பௌலர் என்னும் இருவர் 2014ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இப்பெயரை எங்கும் பரப்பிற்று. நிரலைக் கூறுகளாகப் பகுத்தல் மட்டும் புதியதன்று. மாறக்கூடிய முடிவுகள் ஒவ்வொரு கூற்றினுள்ளும் மறைந்திருக்குமாறு பகுத்தல் வேண்டும் என டேவிட் பார்னஸ் 1972ஆம் ஆண்டிலேயே விளக்கினார். கூறுகளைத் தனித்தனியே இயங்கவிடுதலே நுண்சேவையின் சிறப்பியல்பு.

இதனை நமக்கு அண்மையிலுள்ள ஓர் உவமையால் விளக்குவாம். ருவான்வெல்லைப் பகுதியில் ஓர் இறப்பர்த் தோட்டத்தை எண்ணிக்கொள்க. அங்கே தொழிலாளர் பெயரெல்லாம் அலுவலகத்தில் ஒரே பேரேட்டில் உளவாயின், எழுதுவோர் ஒருவர் வராதொழியின் யாவும் தடைப்படும். எனினும் கணக்கு ஒன்றே. செக்ரோல், மருந்தகம், பிள்ளைக்காம்பரா ஆகிய ஒவ்வொன்றும் தத்தம் ஏட்டை வைத்துக்கொள்ளின், ஒன்றின் தடை மற்றொன்றைப் பற்றாது. ஆனால், ஒரு குடும்பம் மேற்பிரிவிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு மாறும்போது மூன்று ஏடும் திருத்தப்படல் வேண்டும். இரண்டு திருத்தப்பட்டு ஒன்று விடுபடின், தாயின் பெயர் கீழ்ப்பிரிவிலும் குழந்தையின் பெயர் மேற்பிரிவிலுமாக நிற்கும். ஏடு எதுவும் தன்னளவிற் பிழையுடையதன்று. பிழை ஏடுகளுக்கு இடையே உளது. நுண்சேவையின் நலமும் கேடும் இவ்வுவமையில் அடங்கும்.

நன்மைகளை முதற்கண் நோக்குவாம். ஒரு சேவை பழுதுறினும், அமைப்பைத் தக்கவாறு வகுத்திருப்பின், ஏனையவை இயங்கும். மிகுதியாக வேண்டப்படும் சேவையை மட்டும் பல கணினிகளிற் பெருக்கலாம். ஒரு குழுவினர் பிறர்க்குக் காத்திராது தம் சேவையைத் திருத்தி வெளியிடலாம். நெட்பிளிக்ஸ் நிறுவனம் இதற்குச் சான்று. 2008 ஓகத்து மாதத்தில் அதன் தரவுத்தளம் பழுதுற்றமையால், வாடிக்கையாளர்க்கு மூன்று நாள் இறுவட்டுகளை அனுப்ப இயலாதாயிற்று. அதன்பின் அந்நிறுவனம் தன் அமைப்பைச் சிறு சேவைகளாக மாற்றி, வாடகைக் கணினிகளுக்கு நகர்த்தத் தொடங்கிற்று. அப்பணி 2016 சனவரியிலேதான் நிறைவெய்திற்று. செல்வமும் வல்லுநரும் நிரம்பிய நிறுவனத்துக்கே ஏழாண்டு வேண்டியிருந்தமை கருதத்தக்கது.

இனித் தீமைகள். ஒரு நிரலினுள்ளே கூறு கூற்றை அழைத்தல் நொடியின் மிகச் சிறு பின்னத்தில் முடியும். வலையமைப்பின் வழியே அழைத்தலோ அதனினும் பன்மடங்கு தாமதிப்பதோடு, இடையில் அறுந்துபோதலும் கூடும். கணக்கிட்டுப் பார்ப்பின் இது தெளிவாகும். ஒரு சேவை 99.9 சதவீத நேரம் இயங்குவதெனக் கொள்வோம். மாதத்தில் அது தடைப்படுவது சுமார் 43 நிமிடம். ஒரு கருமம் முடிதற்கு அத்தகைய 30 சேவைகளும் ஒருங்கே இயங்கவேண்டுமாயின், அக்கருமம் நிகழக்கூடிய நேரம் 97 சதவீதமாகக் குறையும். தடை மாதத்துக்குச் சுமார் 21 மணித்தியாலமாகும். பழுதைத் தனிமைப்படுத்தப் பிரித்தோம். பிரித்தமையாலே பழுது பெருகிற்று.

செலவும் மிகும். அமேசன் பிறைம் வீடியோவின் ஒரு குழுவினர், படத்தின் தரத்தைக் கண்காணிக்கும் தம் கருவியைப் பல கூறுகளாகப் பிரித்து அமைத்திருந்தனர். அதனை ஒரே நிரலாக மாற்றியபோது செலவு 90 சதவீதத்துக்கு மேற் குறைந்ததென அவர்கள் 2023ஆம் ஆண்டில் அறிவித்தனர். இதுகொண்டு நுண்சேவை வீணென முடித்தல் தவறு. மாறியது அந்த ஒரு கருவியே. ஆங்கே ஓயாது ஒன்றோடொன்று தரவு பரிமாறும் கூறுகளைப் பிரித்தமையே செலவுக்குக் காரணமாயிற்று.

சேவைகளுக்கு இடையிலேயே இடர் உளது என்பதை நம் நாட்டு முயற்சியொன்றும் காட்டுகின்றது. 2005ஆம் ஆண்டில் சஞ்சீவ வீரவர்ண முதலியோர் தோற்றுவித்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் தொழிலிற் பெயர்பெற்றது. அந்நிறுவனம் ஆக்கிய பலரீனா என்னும் நிரல்மொழியின் 1.0 பதிப்பு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. சேவை என்பது அம்மொழியின் இலக்கணத்திலேயே இடம்பெறுகின்றது; வலையமைப்பில் நேரும் பிழையை நிரலர் பாராது விடவியலாதவாறு அது அமைந்துள்ளது. இணைத்தலின் பொருட்டே ஒரு மொழி வேண்டப்பட்டதாயின், அப்பணியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

எனவே, நுண்சேவை எவர்க்கு ஏற்றது? பல குழுக்களும், வேறுவேறு வேகத்தில் வளரும் கருமங்களும், இரவும் பகலும் அமைப்பைக் கண்காணிப்போரும் உடையார்க்கு ஏற்றது. நம் தோட்டப்புறங்களிலிருந்து உயர்தரத்திற் கணினி கற்று, கொழும்புக்குத் தொழில் நாடிச் செல்லும் மாணவர், மூவராய்க் கூடிப் பாடசாலைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஒரு மென்பொருள் ஆக்குங்கால், புதுமை கருதி அதனைப் பத்தாகப் பிரித்தல் வேண்டா. முதலில் ஒரே நிரலாக அமைக்க. அதனுட் கூறுகளின் எல்லையைத் தெளிவுற வகுக்க. பின்னர் ஒரு கூறு தனித்து வளரும்போது, அதனைப் பேணுதற்கு ஆளும் இருப்பின், பிரித்துக்கொள்க. எல்லை தெளிந்த நிரலைப் பின்னர்ப் பிரித்தல் இயலும். எல்லை அறியாது பிரித்ததை மீளச் சேர்த்தலோ பெரும்பாடு. அவ்வாறு பிரித்த பிழையின் பயனைப் பெரும்பாலும் நுகர்பவர் அமைத்தவர் அல்லர், அம்மென்பொருளை நம்பியிருக்கும் எளிய மக்களே என்பதை மாணவர் நினைவிற் கொள்வாராக.