எத்தனை தேறும்?

வீரகேரளம்புதூரில் ஒரு டீக்கடை பெஞ்சு. மாசி மாதம். பிசான அறுப்பு நடந்துகொண்டிருக்கிறது. பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. பெஞ்சின் ஒரு முனையில் இரண்டு சம்சாரிகள்: "ஏக்கருக்கு எத்தன மூட தேறும்வே?" மறுமுனையில் இரண்டு ஆசிரியர்கள்: "ஒங்க கிளாஸ்ல எத்தன சார் தேறும்?" "முப்பத்தாறுல முப்பது தேறும். ரெண்ட இழுத்துப் பாக்கணும். நாலு தேறாது."

எனக்கு உறுத்தியது ஒரு விகுதி. சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவிலேயே தொல்காப்பியர் மக்களை உயர்திணை என்று பிரித்துவிடுகிறார். 'தேறுவார்கள்' என்று வரவேண்டிய இடத்தில் 'தேறும்' வருகிறது. நெல் மூட்டைக்கும் பையனுக்கும் ஒரே வினைமுற்று. பேச்சுவழக்கில் இது சகஜம்தானே என்று கேட்கலாம். சகஜம்தான். கருத்தியல் வேலை செய்வதே சகஜத்துக்குள்தான். அந்த ஆசிரியர்கள் கல்நெஞ்சுக்காரர்களும் அல்ல. அவர்களில் ஒருவர் சாயங்காலம் ஆறரை வரை சிறப்பு வகுப்பு எடுப்பவர். பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் சுண்டல் வாங்கிக் கொடுப்பவர். அப்படிப்பட்டவர் வாயிலும் ஏன் அஃறிணை வருகிறது என்பதுதான் கேள்வி.

பதில் 'தேர்ச்சி விழுக்காடு' என்ற எண்ணில் இருக்கிறது. மாணவன் எழுதும் தேர்வு மே மாதம் பள்ளியின் விழுக்காடாக, பாடவாரி விழுக்காடாக, கடைசியில் ஆசிரியரின் பெயருக்கு நேரே ஒரு எண்ணாக மாறுகிறது. எண் இறங்கினால் ஆய்வுக்கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். "என்னத்த சார் விளக்கம்? பையன் அம்மா ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பீடி சுத்துறா, பய லேபிள் ஒட்டுறான்னு எழுத முடியுமா?" என்றார் ஒரு தமிழாசிரியர். எழுத முடியாது. அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

விழுக்காடு வந்ததும் வகுப்பறை மூன்றாக உடைகிறது. கல்வித்துறையின் சொல்லாடலில் இதற்குப் பெயர்களும் உண்டு: 'மீத்திற மாணவர்', 'மெல்லக் கற்போர்'. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆசிரியரின் உழைப்பு முழுக்க 35 மதிப்பெண் என்ற கோட்டின் அருகே குவிகிறது. 28 எடுப்பவனை 35-க்கு இழுத்தால் விழுக்காடு ஏறும்; 12 எடுப்பவனை 25-க்குக் கொண்டுவந்தால் ஏறாது. பின்னது பெரிய கற்பித்தல் சாதனை. ஆனால் கணக்கில் பூஜ்யம். கோட்டருகே நிற்பவர்களுக்கு 'மினிமம் மெட்டீரியல்' என்ற மெல்லிய கையேடு கொடுக்கப்படுகிறது. தமிழ் வகுப்பில் மனப்பாடப் பாடல், 'புக் பேக்' கேள்வி, கடிதம், விண்ணப்பம் மட்டும் மிஞ்சுகின்றன. பாட்டு என்ன சொல்கிறது என்ற பேச்சுக்கு மதிப்பெண் இல்லை; ஆகவே நேரமும் இல்லை.

கணக்கில் வராதவன் எங்கே போகிறான்? எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி. எனவே வடிகட்டல் ஒன்பதில் நடக்கிறது. அப்பா அம்மாவை வரச்சொல்லி, "டி.சி. வாங்கிக்கோங்க, பிரைவேட்டா எழுதட்டும்" என்று இதமாகச் சொல்லிவிடலாம். அவன் தோற்றதாக எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நூறு விழுக்காடு என்று பள்ளி வாசலில் கட்டப்படும் பல பிளக்ஸ்களுக்குப் பின்னால் பரீட்சையே எழுதாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இது நம் காலத்தின் கண்டுபிடிப்பு அல்ல. எம்.ஏ. வகுப்பில் இலக்கிய விமர்சகராக மட்டும் நமக்கு அறிமுகமாகும் மேத்யூ ஆர்னால்டு பிழைப்புக்குப் பார்த்த வேலை பள்ளி ஆய்வாளர் பணி. 1862-இல் ராபர்ட் லோ இங்கிலாந்தில் கொண்டுவந்த விதிப்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு குழந்தையும் ஆய்வாளர் முன் தேறினால்தான் அதன் கணக்கில் பள்ளிக்கு முழு மானியம். குழந்தைகள் வாசிப்புப் புத்தகத்தை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், வாசிக்கக் கற்பதில்லை என்று ஆர்னால்டு தொடர்ந்து எதிர்த்தார். 1890களில்தான் அது ஒழிந்தது. 1860களில் அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது; தேறும் தலைக்கு இவ்வளவு என்ற மானியத்தின் வழியேதான் நம் திண்ணைப் பள்ளிகள் பலவும் அரசின் கண்காணிப்புக்குள் இழுக்கப்பட்டன. 'எத்தனை தேறும்' என்ற கேள்விக்கு ஒரு காலனிய வம்சாவளி இருக்கிறது.

மிஷேல் ஃபூக்கோ 1975-இல் வெளியான சிறைச்சாலை பற்றிய நூலில் தேர்வைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். கண்காணிப்பும், இயல்பு / இயல்பற்றது என்று தீர்ப்பிடுவதும் சேரும் இடம் அது என்பது அவர் வாதம். நாம் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டியது: கண்காணிக்கிறவனும் கண்காணிக்கப்படுகிறான். அமெரிக்காவில் 2002-இல் சட்டமான 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' திட்டம் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளிகளைத் தண்டித்தது. பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகள் படித்த அட்லாண்டா நகரப் பள்ளிகளில் ஆசிரியர்களே விடைத்தாள்களை அழித்துத் திருத்தினார்கள். 2011-இல் வெளியான மாநில அரசின் விசாரணை அறிக்கை 44 பள்ளிகளையும் 178 கல்வியாளர்களையும் சுட்டியது. 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. எண்ணைக் கேட்ட அமைப்பு மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

இனி நமக்குக் கசப்பான பகுதி. தமிழ்நாட்டில் 1984-இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு 2006-இல் இயற்றப்பட்டு 2007-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் நீங்கியது, சரியான முடிவு. ஆனால் நுழைவுத்தேர்வு போனதும் பிளஸ் டூவே நுழைவுத்தேர்வாகிவிட்டது. நாமக்கல் பாணி விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. பிறகு நீட் வந்தது. 2017 செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளி மகள் அனிதாவை இழந்தோம். நம் எல்லாக் கூட்டங்களிலும் 1176 என்ற எண்ணைச் சொன்னோம். அந்த எண் நீட்டின் அநீதியை நிரூபித்தது, சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதே வருஷம் 500 மதிப்பெண் எடுத்து டாக்டராகும் ஆசையைச் சத்தமில்லாமல் புதைத்த பெண்ணுக்கு நம் துக்கத்தில் இடம் இருந்ததா? நீட்டை எதிர்க்கும் வேகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணைத் தகுதியின் புனித அளவுகோலாக நாமே நிறுவிவிடுகிறோம். நீட் ஒழிய வேண்டும். ஒழிந்த மறுநாளும் டீக்கடை பெஞ்சில் அதே கேள்வி கேட்கப்படும்.

மாற்றவே முடியாது என்பதும் பொய். 2017-இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பது நிறுத்தப்பட்டது, வானம் இடியவில்லை. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு 2019-இல் அறிவித்த பொதுத்தேர்வு எதிர்ப்பால் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பிளஸ் ஒன் பாடத்தை நடத்தவைக்க 2018-இல் தொடங்கிய பொதுத்தேர்வை 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை நீக்கியது. ஒவ்வொன்றும் பேசிப் பெற்றதுதான். ஆனால் மாவட்டங்களைத் தேர்ச்சி விழுக்காட்டின்படி வரிசைப்படுத்தும் பழக்கம் இவற்றையெல்லாம் தாண்டி நின்றது.

அடுத்துக் கேட்க வேண்டியவை சிறியவை. விழுக்காட்டுக்காக ஆசிரியரிடம் விளக்கம் கேட்பது நிற்கட்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு அறை வரை வந்தார்கள் என்பதையும் தேர்ச்சிக் கணக்கோடு சேர்த்து வெளியிடட்டும். அப்போது விரட்டப்பட்டவனும் கணக்கில் வருவான்.

'தேறு' என்பதன் பிறவினை 'தேற்று'. நோயாளியைத் தேற்றலாம், துக்கத்தில் இருப்பவரைத் தேற்றலாம். கலங்கிய ஆற்றுநீர்க் குடத்தில் தேற்றாங்கொட்டையை உரசினால் குடத்துத் தண்ணீர் முழுக்கத் தெளியும். எந்தத் துளியையும் வெளியே தள்ளுவதில்லை. ஆசிரியரின் வேலைக்குத் தமிழில் பொருத்தமான வினை இதுவாகத்தான் இருக்க முடியும். அந்த வினையை அவருக்குத் திருப்பிக் கொடுக்கும் வரை, நம்மால் ஆனது ஒன்று உண்டு. அடுத்த மாசியில் யாராவது "நாலு தேறாது" என்றால், "அந்த நாலு பேரு யாரு சார்?" என்று கேட்கலாம்.