கொழும்பு மாநகரின் வீதிகளும் மோட்டார் வண்டிகளும்

கொழும்பு மாநகரின் தெற்கே வெள்ளவத்தையும் வடக்கே கொட்டாஞ்சேனையும் தமிழ் மக்கள் செறிந்து வாழும் இரு பகுதிகளாகும். இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 10 கிலோமீற்றரே. ஆயினும், காலை எட்டு மணியளவில் ஒன்றினின்றும் மற்றொன்றுக்குப் புறப்படுவோர் எப்பொழுது சென்று சேர்வார் என்பதை எவரும் உறுதியாகக் கூறமாட்டார். வீதிகள் போதாமையே இதற்குக் காரணம் எனப் பலரும் கருதுவர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை இவ்விரு பகுதிகளின் வரலாற்றைக் கொண்டே ஆராயலாம்.

மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், மதுரையின் அகன்று நீண்ட தெருவுக்கு ஆற்றை உவமையாகக் கூறினார். இக்காலத்து வீதி அமைப்போரும் அறிந்தோ அறியாமலோ அவ்வுவமையையே உள்ளத்திற் கொண்டுள்ளனர். ஆற்றில் வெள்ளம் பெருகினால் கரையை அகற்றுவது போல, வண்டிகள் பெருகினால் வீதியை அகற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. மாந்தர் நடந்து திரிந்த தெருவுக்குப் பொருந்திய உவமை மோட்டார் வண்டி ஓடும் வீதிக்குப் பொருந்துவதில்லை. ஆற்றுநீரின் அளவை மழை தீர்மானிக்கின்றது. வண்டிகளின் அளவையோ பெரும்பாலும் வீதியே தீர்மானிக்கின்றது. வீதி அகன்று பயணம் எளிதானவுடன், முன்னர்ப் பஸ்ஸிற் சென்றவர் காரிற் செல்லத் தலைப்படுகின்றார். அருகில் வாழ்ந்தவர் தொலைவிற் குடியேறுகின்றார். சில ஆண்டுகளில் அகன்ற வீதியும் நிறைந்துவிடுகின்றது.

கொழும்பின் தென்கரையே இதற்குத் தக்க சான்று. காலி வீதி நெருக்கமுற்றபொழுது, கொள்ளுப்பிட்டியிலும் பம்பலப்பிட்டியிலும் அதற்கு இணையாக இன்னொரு வீதி வகுக்கப்பட்டது. ஆர். ஏ. டி மெல் மாவத்தை என அதற்குப் பெயர் சூட்டிய பின்னரும், மக்கள் அதனை டூப்ளிகேஷன் வீதி என்றே வழங்குகின்றனர். இரட்டிப்பு வீதி என்பது அதன் பொருள். அதுவும் நிறைந்தது. பின்னர்க் கடலோரமாக மரைன் டிறைவ் அமைக்கப்பட்டு, வெள்ளவத்தையைக் கடந்து தெஹிவளை வரை நீட்டப்பட்டது. அங்கும் மாலை வேளையில் வண்டிகள் ஊர்ந்தே செல்கின்றன. மேற்கே இனிக் கடலேயன்றி நிலமில்லை.

இதில் வியப்புக்குரியது யாதெனில், இவ்வீதிகளுக்கு இணையாக ஒரு புகையிரதப் பாதை 1877ஆம் ஆண்டு முதலே இருந்து வருகின்றமையாகும். கோட்டையிலிருந்து கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை எனக் கரையோரமாகச் செல்லும் அந்த இரட்டைப் பாதையில், ஒரு புகையிரதம் ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரைச் சுமந்து செல்கின்றது. அத்தனை பேரும் தனித்தனிக் காரில் ஏறினால், அவ்வரிசை பல கிலோமீற்றர் நீளும். எனினும் இரண்டு புதிய வீதிகளுக்குக் கிடைத்த கவனம் பழைய புகையிரதப் பாதைக்குக் கிடைக்கவில்லை. அதனை மின்மயமாக்கும் திட்டம் பல தசாப்தங்களாகப் பேச்சளவிலேயே நின்றது. காலையில் வாயிற்படியிற் கால் ஊன்ற இடமின்றித் தொங்கிச் செல்லும் எழுதுவினைஞர், சிறிது பணம் சேர்ந்ததும் ஒரு மோட்டார்ச் சைக்கிளோ காரோ வாங்க எண்ணினால் அவரைக் குறைகூறல் நியாயமன்று.

வடக்கே கொட்டாஞ்சேனையின் கதை வேறு. புகையிரதம் அப்பகுதிக்கு எட்டவில்லை. டிராம் வண்டி எட்டியது. 1899ஆம் ஆண்டளவில் கொழும்பில் மின்சார டிராம் சேவை தொடங்கியபொழுது, ஒரு பாதை கோட்டையிலிருந்து பொரளைக்கும், மற்றொன்று கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸுக்கும் சென்றன. கச்சேரி எழுத்தர், துறைமுகத் தொழிலாளர், செட்டியார் தெருக் கடைச்சிப்பந்திகள் எனப் பலதரத்தாரும் அதில் ஏறினர். 1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் டிராம் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் நகரையே உலுக்கியமை, டிராம் வண்டி நகரவாழ்விற் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். 1944இல் மாநகரசபை அச்சேவையை ஏற்றது. 1953இல் மேற்கம்பி மின்சாரத்தில் ஓடும் டிரொலி பஸ்கள் வந்தன. 1960இல் டிராம் நின்றது. 1964இல் டிரொலி பஸ்ஸும் நின்றது. சென்னையிலும் 1895இல் தொடங்கிய டிராம் சேவை 1953இல் மறைந்தது. வீதியின் நடுவே கிடந்த தண்டவாளம் மோட்டார் வண்டிக்கு இடைஞ்சல் என்ற எண்ணம் அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. எவருக்கு எவர் இடைஞ்சல் என்ற வினாவை அன்று எழுப்பியோர் சிலரே.

நகரமைப்பு அறிஞர் கொழும்புக்கு வராமலில்லை. 1921இல் பற்றிக் கெடிஸ் இந்நகரைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். திட்டம் வகுக்குமுன் நகரைத் தெருத்தெருவாக ஆய்ந்தறிதல் வேண்டும் என்பது அவர் கோட்பாடு. 1940ஆம் ஆண்டுகளின் இறுதியில் பற்றிக் அபர்குரோம்பி வகுத்த திட்டம், இரத்மலானை, ஹோமாகம, ராகம ஆகிய இடங்களிற் துணைநகரங்கள் அமைய வேண்டும் என்றது. குடியிருப்போடு தொழிலும் அங்கே செல்வதே அதன் உட்கருத்து. நடந்ததோ பெரும்பாலும் பாதியளவே: வீடுகள் புறத்தே பரந்தன, காரியாலயங்களும் புகழ்பெற்ற பாடசாலைகளும் நகரிலேயே தங்கின. ஆகவே ஒவ்வொரு நாட் காலையும் சுற்றுப்புறமனைத்தும் நகரை நோக்கிப் பெயர்கின்றது.

பஸ் சேவையின் நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி தனியார் கம்பனிகள் நாட்டுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. 1970ஆம் ஆண்டுகளின் இறுதியில் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. சாரதியும் நடத்துநரும் அன்றாட வசூலை நம்பி வாழும் முறையில், ஆள் சேரும்வரை தரிப்பிடத்திற் காத்து நிற்றலும், பின்னே வரும் பஸ்ஸைக் கண்டதும் பாய்ந்தோடலும் தவிர்க்க முடியாதவை. இது மனிதர் குறையன்று, ஏற்பாட்டின் குறையே. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸிற் புறக்கோட்டைக்கு வந்து, கோட்டை நிலையத்திற் புகையிரதம் ஏறி வெள்ளவத்தைக்குச் செல்லும் ஒருவர் இருமுறை காத்து நின்று, இருமுறை சீட்டு வாங்கி, இடையே சனநெரிசலில் வீதியையும் கடக்க வேண்டியவராகின்றார். புறக்கோட்டையில் மத்திய பஸ் நிலையம், பஸ்தியன் மாவத்தை, குணசிங்கபுர என மூன்று நிலையங்கள் தனித்தனியே கிடக்கின்றன. டிராம் வேலைநிறுத்தத் தலைவரின் பெயரை அவற்றுள் ஒன்று தாங்கி நிற்பது ஒரு தற்செயற் பொருத்தம்.

காரைக் குறைக்க வேண்டின், முதலிற் காரில்லாதவரின் பயணத்தைச் சீராக்க வேண்டும். சிங்கப்பூர் 1975இல் நகர நடுவே நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்ததை எடுத்துக்காட்டுவோர், அந்நகர் பஸ் சேவையை ஒழுங்குபடுத்தியதையும் 1987இல் நகரப் புகையிரதம் தொடங்கியதையும் சொல்ல மறந்துவிடுகின்றனர். பிரேசில் நாட்டுக் குரிற்றிபா நகர் 1974இல் பஸ்ஸுக்கெனத் தனிப்பாதை ஒதுக்கியது. சுரங்கப் பாதைக்குரிய பெருஞ்செலவின்றியே பெரும்பயன் பெற்றது. கொழும்பிலும் 2017இல் காலி வீதியின் சில பகுதிகளில் பஸ் முன்னுரிமை நிரல் பரீட்சிக்கப்பட்டது. காரில் வருவோர் ஐம்பதின்மர் முப்பது கார்களில் அடைத்துக்கொள்ளும் இடத்தில், அவ்வைம்பதின்மரையும் ஒரு பஸ் சுமந்து செல்லும் என்ற எளிய கணக்கே அதற்கு அடிப்படை. ஆனால் நிரலுக்குள் ஏனைய வண்டிகள் புகாமற் காக்கும் உறுதி நாடோறும் வேண்டும். வர்ணக்கோடு மட்டும் போதாது. ஆடிவேல் விழாவின்போது செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கித் தேர் வருங்காலத்துக் கார்கள் ஒதுங்கி வழிவிடுவதைக் கொழும்பு மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். ஆகவே வழிவிடுதல் இந்நகருக்குப் புதிதன்று.

மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பானியக் கடனுதவியுடன் அமையவிருந்த இலகு புகையிரதத் திட்டத்துக்கு 2019இல் ஒப்பந்தமாகி, 2020இல் அது கைவிடப்பட்டது. இரண்டாண்டுகள் செல்லுமுன் 2022இல் அந்நியச் செலாவணி வற்றிப் பெற்றோல் நிலையங்களில் நாட்கணக்காக வரிசை நின்றபொழுது, கார் உடையோரும் நெரிசல் மிகுந்த புகையிரதத்தை நாடினர். பலர் துவிச்சக்கர வண்டியைத் தேடினர். இறக்குமதி செய்த எண்ணெயில் இறக்குமதி செய்த வண்டியை ஓட்டும் நகரம் எத்துணை நலிவுடையது என்பது அப்பொழுது தெளிவாயிற்று. அதுவரை பெருவீதிகளுக்கும், உயர்பதவியாளரின் வாகன வரிச்சலுகைக்கும் பொதுப்பணம் சென்றது. கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்புகளிற் காரை நிறுத்துதற்கும் இடமில்லாதாருக்கு அதனாற் கிடைத்த பயன் மிகச் சொற்பம்.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்துள்ளன. குறித்த எண்ணிக்கையிற் கார் நிறுத்துமிடம் இல்லாத கட்டடத்துக்கு அனுமதியில்லை என்பது விதி. புகையிரத நிலையத்துக்கு ஐந்து நிமிட நடைதூரத்திலுள்ள வீட்டுக்கும் அவ்விதி பொருந்துகின்றது. கார் வாங்க எண்ணாதவரும் அவ்விடத்தின் விலையை வீட்டு விலையோடு சேர்த்துச் செலுத்துகின்றார். செலுத்தியபின் காரும் வாங்குகின்றார். நிலையங்களை அண்டிய பகுதிகளில் இவ்விதியைத் தளர்த்துவதற்கு அரசினருக்குச் செலவேதும் இல்லை.

இன்னுமொன்று. காலி வீதியிலிருந்து ஒழுங்கை வழியே வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்துக்கு நடந்து வருவோர் இறுதியில் மரைன் டிறைவைக் கடந்தே செல்ல வேண்டும். காலி வீதியின் நெருக்கத்தைத் தணிக்க வந்த வீதி, நெருக்கத்தைத் தணிக்க வல்ல புகையிரதத்துக்கும் மக்களுக்கும் இடையே குறுக்கே கிடக்கின்றது. கைக்குழந்தையோடு வரும் தாயும் கைத்தடியோடு வரும் முதியவரும் அதன் ஓரத்தில் வண்டிகள் ஓயும்வரை நிற்கின்றனர். கடந்து செல்லுமுன் புகையிரதம் புறப்பட்டுவிடுதலும் உண்டு.