மூச்சு முட்டும் செல்கள்

ரேணிகுண்டா ரயில் சந்திப்பிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது திருப்பதியின் ரூயா அரசு மருத்துவமனை. 2021 மே 10ஆம் தேதி இரவு, தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய ஆக்சிஜன் டாங்கர் தாமதமாக, தீவிர சிகிச்சைப் பிரிவின் குழாய்களில் அழுத்தம் சரிந்தது. கோவிட் நோயாளிகள் 11 பேர் இறந்தார்கள். தடை ஐந்து நிமிடம்தான் என்றது மாவட்ட நிர்வாகம். அதைவிட வெகுநேரம் என்றார்கள் உறவினர்கள். நுரையீரல் பழுதாகிக் கிடப்பவருக்கு ஐந்து நிமிடமே அதிகம்.

இத்தனைக்கும் ஆக்சிஜன் பஞ்சத்தைச் சமாளிக்க உடலுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காகவே கிரெக் செமென்சா, வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப் மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உடலின் செல்கள் ஹிஃப் என்ற புரதத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. தயாரித்த சில நிமிடங்களில் அழித்தும்விடுகின்றன. வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் அழிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். அது குறைந்தால் ஹிஃப் அழியாமல் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் புகுந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கச் செல் முனைகிறது. புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. சிறுநீரகம் எரித்ரோபாய்டின் ஹார்மோனைச் சுரந்து சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. இதெல்லாம் பலன் தர மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். ரூயாவில் அந்த அவகாசம் இல்லை.

அவகாசம் உள்ள நோய்களில் கதை வேறு. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அந்த ஹார்மோன் குறைந்து ரத்தசோகை வருகிறது. அதை ஊசியாகப் போட்டுக்கொள்வதுதான் பல ஆண்டுகளாக இருந்த வழி. 2022 மார்ச்சில் இந்தியாவில் அனுமதி பெற்ற, ஸைடஸ் நிறுவனத்தின் டெசிடுஸ்டாட் மாத்திரை, ஹிஃபை அழிவுக்கு அடையாளமிடும் நொதியைத் தடுக்கிறது. மலை உச்சியில் இருப்பதாக எண்ணி ஏமாறும் உடல் ஹார்மோனைச் சுரக்கிறது. (திருமலை ஏறினால் இது நடக்காது, அந்த உயரம் போதாது.)

புற்றுநோய்க் கட்டிக்கும் இதே ஏற்பாடு கைகொடுக்கிறது என்பதுதான் சிக்கல். வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதி மூச்சுத் திணறும்போது, ஹிஃப் அதற்கும் ரத்தக் குழாய் போட்டுக்கொடுக்கிறது. 2021இல் அமெரிக்கா அனுமதித்த பெல்சுடிஃபான் மருந்தின் வேலை டெசிடுஸ்டாட்டுக்கு நேரெதிர்: ஹிஃபின் ஒரு வகையை முடக்கி, வான் ஹிப்பல் லிண்டாவ் என்ற பரம்பரை நோயில் வரும் கட்டிகளைச் சுருக்குகிறது. விசை ஒன்றுதான், ஒருவருக்குப் போட வேண்டும், மற்றவருக்கு அணைக்க வேண்டும்.

போடுவதிலும் கருத்து வேறுபாடு உண்டு. டெசிடுஸ்டாட்டின் இனத்தைச் சேர்ந்த ரோக்ஸாடுஸ்டாட்டை, ரத்த உறைவு அச்சம் எழுந்த பின், 2021 ஆகஸ்டில் அமெரிக்கா ஏற்க மறுத்தது. அதே மாதம் ஐரோப்பா ஏற்றது. இத்தகைய மாத்திரை சாப்பிடுவோர் ஹீமோகுளோபினை அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அளவு ஏறத்தான் வேண்டும், ஆனால் வேகமாக ஏறிவிடக் கூடாது.