கோடை விடுமுறையும் பழைய வண்டிகளும்

ஓடித் தேயும் மோட்டார் சைக்கிளைவிட நின்றே கெடும் மோட்டார் சைக்கிள்கள் அதிகம். வீட்டில் ஒரு வண்டி இருந்தால் அது தினமும் ஓடும். மூன்று இருந்தால் இரண்டு மூலையில் நிற்கும். டேங்கில் பெட்ரோல் கெடும், பேட்டரி இறங்கும், பிரேக் கேபிள் துருப்பிடிக்கும். அவற்றை மீட்டெடுக்கத் திருவள்ளூர் மாவட்டத்து வேப்பம்பட்டு போன்ற ஊர்களில் ஏற்ற காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையிலான விடுமுறைதான். திறந்த எஞ்சினுக்குள் மழைத்தண்ணீர் போகும் பயம் இல்லை, அடித்த பெயிண்ட் சீக்கிரம் காயும்.

இந்த வேலைக்கு இதைவிட வசதியான வட்டாரம் கிடைப்பது அரிது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. புல்லட் உருவான திருவொற்றியூர் ஆலை சென்னையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. அம்பத்தூரும் பாடியும் வாகன உதிரிபாகத் தொழிலால் வளர்ந்த ஊர்கள். கடைகளில் கிடைக்காத பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து புதுப்பேட்டைக்குப் போகலாம். தேய்ந்த பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்வது அவசியம். மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைப்பது பலசமயம் பொருந்தாது.

முதல் வேலை பெட்ரோல். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்க் அடியில் நீர் தங்கி, உள்ளே துரு பிடிக்கும். பழைய ரப்பர் டியூபும் வாஷரும் உப்பிப்போகும். ஆகவே பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட்டு, கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். ஐடிலிங்குக்கான பைலட் ஜெட்டின் துளை மிகச் சிறியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடைப்பு தெரியும். அதைக் கம்பியால் குத்துவது தவறு. துளை பெரிதானால் பெட்ரோல் அளவு கெடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வாரக்கணக்கில் நின்றால் ஆயில் டேங்கிலுள்ள ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கும். குச்சியில் அளவு குறைந்தது போலத் தோன்றும். அதைப் பார்த்து மேலும் ஆயில் ஊற்றுவோர் பலர், பிறகு வண்டி புகையாய்த் தள்ளும். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும். டாப்பெட் சரிசெய்வது எஞ்சின் ஆறியபின்: புஷ்ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கிக்கரை உதைக்கவும் முறை உண்டு. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, டீகம்ப்ரஷர் பிடித்து இன்னும் சற்றே நகர்த்தி, பிறகு ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பியடித்துக் காலைப் பதம் பார்க்கும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் நோய் வேறு. யமஹா ஆர்எக்ஸ் 100இல் ஆயிலைத் தனிப் பம்ப் அனுப்பும். ஆயில் தீர்ந்து குழாயில் காற்று நுழைந்திருந்தால் காற்றை வெளியேற்றாமல் ஓட்டக் கூடாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த யெஸ்டியில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்ற வேண்டும். இரண்டிலும் சைலன்சருக்குள் கரி அடைத்துக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்தாலே இழுவை திரும்பும். சத்தத்துக்காக உள்குழாயைத் தூக்கி எறிவது வண்டிக்கும் தெருவுக்கும் செய்யும் கேடு.

செயின், பிரேக் ஷூ, டயர் ஆகியவை எல்லா வண்டிக்கும் பொது. காற்றழுத்தத்தைக் காலையில், டயர் சூடேறும் முன் பார்ப்பதே சரி.

ஓட்டுவதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். ஒரே நாளில் எல்லா வண்டியையும் நெடுந்தூரம் கொண்டுபோகாமல், முதலில் திருநின்றவூர் வரை போய்த் திரும்பி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காப்பிப்பழுப்பு நிறம் நல்லது, கருத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு. அது சரியானபின் திருவள்ளூர் வழியாகப் பூண்டி ஏரி வரை போகலாம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. மே மாதக் கத்திரி வெயிலில் ஆவடி நெரிசலில் ஊர்ந்தால், காற்றை நம்பிக் குளிரும் எஞ்சின் தவிக்கும். விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்புவதே வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் நல்லது.

விடுமுறை முடிந்து மறுபடி நிறுத்தும்போது கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோலை இறக்கி, பேட்டரி வயரைக் கழற்றிவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டினால் இன்னும் நல்லது. அதற்கு வண்டிக்குக் காப்பீடும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். பதிவாகி 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்பு 5 ஆண்டுக்கு மட்டுமே செல்லும்.