வெல்லச் சங்கிலியை அறுக்கும் நொதியம்

வீட்டிற் சேரும் குப்பையைக் கூட்டாது விட்டால் என்னாகும் என்பதைத் தாய்மார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நம் உடலின் கலம் ஒவ்வொன்றும் அத்தகைய ஒரு வீடே. எலும்புக்கும் மூட்டுக்கும் தோலுக்கும் உறுதியளிக்கும் நீண்ட வெல்லச் சங்கிலிகள் பழையனவானதும், கலத்தினுள்ளே இலைசோசோம் என்னும் சிறு பையை அடைகின்றன. அங்கே நொதியங்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக நின்று, அவற்றைக் கண்ணி கண்ணியாகக் கழற்றுகின்றன.

அவற்றுள் ஒன்று ஐதுரோனிடேசு. இஃது இன்றிப் பிறக்கும் குழந்தை முதலில் ஏனைய குழந்தைகளைப் போலவே தோன்றும். சிதையாத சங்கிலிகள் தேங்கத் தேங்க முகம் தடிக்கும், மூட்டுகள் இறுகும், விழிப்படலம் மங்கும், ஈரல் வீங்கும், கடுமையான வகையில் அறிவு வளர்ச்சியும் தடைப்படும். 1919இல் ஜெர்மனியில் கேட்ரூட் ஹேர்லர் என்னும் பெண் மருத்துவர் இதனை விவரித்தார்; நோயும் அவர் பெயரையே பெற்றது.

1968இல் அமெரிக்காவில் எலிசபெத் நியூபெல்டும் துணைவரும் இந்நோயாளரின் கலங்களையும், இதனையொத்த ஹண்டர் நோயாளரின் கலங்களையும் ஒன்றாகக் கலந்து வளர்த்தனர். ஒன்றில் இல்லாததை மற்றையது ஈந்தது; இரண்டும் தேறின! வெளியிலிருந்து வரும் நொதியத்தையும் கலம் ஏற்கும் என்ற இவ்வுண்மையே 2003இல் மருந்தாகக் கனிந்தது. வாரந்தோறும் அது நாளத்தின் வழியே செலுத்தப்படுகின்றது. எனினும் மூளையினுள் அது புகுதல் அரிது. ஆதலாற் கடுமையான நோயுற்ற குழந்தைக்கு மிக இளமையிலேயே என்புமச்சை மாற்றுச் சிகிச்சை செய்கின்றனர்.

பெற்றோர் இருவரும் பழுதுற்ற பரம்பரை அலகைத் தாமறியாமலே சுமந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நாலில் ஒரு பங்கு இந்நோய் வர இடமுண்டு. நெருங்கிய உறவில் மணம் புரிவோரிடையே அத்தகைய பொருத்தம் மிகுதி. ஆகவே தாயை நோவதை விடுத்து, "வளர வளரச் சரியாகிவிடும்" என்று காத்திராது, காலத்தே மருத்துவரை நாடுவோமாக.